பிறக்காத பிள்ளையின் எழுத்து

“கணக்கு சரியா இருக்கா, டீச்சர்? அதை மட்டும் சொல்லுங்க.”

கேட்டவர் தோல் மருத்துவர் இன்னாசிமுத்து. வயது ஐம்பத்தொன்பது. அவர் டீச்சர் என்று அழைத்த மதுரவல்லிக்கு முப்பத்தாறுதான். மருத்துவக் கல்லூரி மாடியில், மின்விசிறி கிறீச்சிடும் ஓர் அறையில் புள்ளியியல் சொல்லித்தருகிறவர். காகிதப் பொட்டலத்தில் நிலக்கடலையும் பொரிகடலையும் கொறித்துக்கொண்டே பெரிய பெரிய டாக்டர்கள் கொண்டுவரும் கணக்கைப் பார்ப்பார். அவரிடம் போய்விட்டுச் சிரித்த முகத்தோடு திரும்பியவர்கள் குறைவு.

மதுரவல்லி தாளைப் பார்த்தார்.

வெண்புள்ளி வந்தவர்கள் நூற்றெண்பது பேர். வராதவர்கள் இருநூறு பேர். மரபணுவில் ஒரே ஓர் இடம். அந்த இடத்தில் ஒவ்வொரு மனிதருக்கும் இரண்டு எழுத்துகள். ஒன்று அம்மா கொடுத்தது, மற்றது அப்பா கொடுத்தது. எழுத்து ‘ஏ’யாக இருக்கலாம், ‘ஜி’யாகவும் இருக்கலாம்.

வெண்புள்ளிக்காரர்களில் மூன்றில் இரண்டு பேரிடம் ‘ஜி’ இருந்தது. மற்றவர்களில் மூன்றில் ஒருவரிடம்தான்.

“கூட்டல் கழித்தல் எல்லாம் சரியா இருக்கு.”

டாக்டருக்கு மூச்சு வந்தது.

“அப்ப நான் சொன்னது உண்மைதான்.”

“யார்கிட்ட சொன்னீங்க?”

டாக்டர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். பிறகு சொன்னார்.

மலையடிவாரத்து ஊரிலிருந்து பேச்சித்தாய் என்று ஒருத்தி வந்தாள். மகள் முத்துசெல்விக்குப் பதினொரு வயது. முழங்காலிலும் உதட்டோரத்திலும் வெள்ளை. தாயையும் சோதித்திருந்தார்கள். அவளிடம் ‘ஜி’ இருந்தது.

“இது எங்கிட்ட இருந்து வந்துச்சா, அவ அப்பாகிட்ட இருந்தா?” என்று தாய் கேட்டாள்.

“உன்கிட்ட இருந்துதாம்மா” என்று டாக்டர் சொல்லிவிட்டார். கேட்டால் பதில் சொல்லியே பழகிய வாய். அறை வாசலில் மாமியார் நின்றுகொண்டிருந்ததை அவர் கவனிக்கவில்லை.

புருஷன் கோமதிநாயகத்துக்குத் திருப்பூரில் வேலை. ஊரில் மாமியார் வைத்ததுதான் சட்டம். அந்த வாரமே தாயையும் மகளையும் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இப்போது மகனுக்கு வேறு பெண் பார்ப்பதாகக் கேள்வி.

“நான் சொன்னது உண்மைன்னா, எம்மேல தப்பில்ல. அதைத் தெரிஞ்சுக்கத்தான் வந்தேன்.”

மதுரவல்லி கொறிப்பதை நிறுத்தினார்.

“நோய் வந்தவங்க எந்த ஊர்?”

“பெரும்பாலும் மேற்கே, மலையடி.”

“வராதவங்க?”

“என்ஜினியரிங் காலேஜ் ஹாஸ்டல். ரத்ததான முகாம்ல எடுத்தோம். பையன்க வரிசையா நின்னாங்க, சுலபமா கிடைச்சது.”

“சுலபமா கிடைச்சது” என்று மதுரவல்லி திருப்பிச் சொன்னார். அவருக்குக் கோபம் வந்தால் குரல் தாழும்.

டாக்டரின் படிவத்தில் குலசாமிக்கு ஒரு கட்டம் இருந்தது. தென்பக்கத்தில் யாருக்கு யார் சொந்தம் என்று தெரிய வேண்டுமானால் உங்கள் சாஸ்தா எது என்றுதான் கேட்பார்கள். அதைத் தெரிந்துவைத்திருந்த டாக்டர் எல்லோரிடமும் கேட்டு எழுதியிருந்தார். மலையடிக்காரர்கள் பலர் சொன்னது மஞ்சணத்தி சாஸ்தா.

“ஒரு வேலை செய்யுங்க. வெண்புள்ளியை விட்டுருங்க. மஞ்சணத்தி சாஸ்தாவைக் கும்பிடறவங்க ஒரு பக்கம், கும்பிடாதவங்க ஒரு பக்கம். அதே ‘ஜி’யை எண்ணுங்க.”

டாக்டர் எண்ணினார். ஒரு மணி நேரம் ஆனது. பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

“வெண்புள்ளியைவிட இது இன்னும் பலமா இருக்கே!”

“பெரிய கண்டுபிடிப்பு, டாக்டர். சாஸ்தாவைக் கும்பிட வைக்கிற எழுத்தைக் கண்டுபிடிச்சிட்டீங்க.”

ஞாயிற்றுக்கிழமை பூசை தவறாத இன்னாசிமுத்துவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

“அந்த ஊர் ஜனங்ககிட்ட அந்த எழுத்து பரம்பரையாவே அதிகம். வெண்புள்ளிக்காரங்களை நீங்க அந்த ஊர்ல இருந்துதான் எடுத்தீங்க. நீங்க நோயை ஒப்பிடல. ஊரை ஊரோட ஒப்பிட்டிருக்கீங்க.”

“அப்ப ‘ஜி’க்கும் நோய்க்கும் சம்பந்தமே இல்லையா?”

“அதையும் நான் சொல்லல. இந்தத் தாளுக்குத் தெரியாதுன்னு சொல்றேன்.”

டாக்டர் எழுந்தார். திரும்ப உட்கார்ந்தார்.

“வேற யாரோட ஒப்பிடணும்?”

“ஒவ்வொரு நோயாளிப் பிள்ளைக்கும் பக்கத்துல நிறுத்த இன்னொரு பிள்ளை வேணும். அதே ஊர், அதே ரத்தம், அதே சாமி. ஒரு இழைகூட வித்தியாசம் இருக்கக்கூடாது. கூட்டிட்டு வாங்க.”

*

மறுவாரம் டாக்டர் வந்தார்.

“பக்கத்து வீட்டுப் பிள்ளை.”

“பக்கத்து வீட்டுக்கு வாழ வந்த பொண்ணு எந்த ஊர்க்காரி?”

டாக்டர் படியிறங்கினார்.

அதற்கடுத்த வாரம் வந்தார்.

“கூடப்பிறந்த அண்ணன், தம்பி, அக்கா, தங்கை.”

“கிட்ட வந்துட்டீங்க. ஒத்தைப் பிள்ளையா இருந்தா?”

டாக்டர் மறுபடியும் படியிறங்கினார். மாடிப்படி இருபத்திரண்டு. முழங்கால் வலிக்காரருக்கு அது கொஞ்சமில்லை.

மூன்றாம் முறை வந்தவர் நின்றபடியே பேசினார்.

“நீங்க கேக்கிற மாதிரிப் பிள்ளை உலகத்துல கிடையாது, டீச்சர்.”

“கிடையாதுதான். ஆனா ஒவ்வொரு வீட்டுலயும் இருக்கு.”

“என்ன விளையாட்டு இது?”

மதுரவல்லி பொட்டலத்திலிருந்து ஒரு நிலக்கடலையும் ஒரு பொரிகடலையும் எடுத்தார். கையைப் பின்னால் கொண்டுபோய், இரண்டு கைகளையும் மூடி முன்னால் நீட்டினார்.

“தொடுங்க.”

டாக்டர் ஒன்றைத் தொட்டார். நிலக்கடலை வந்தது.

“தொடறப்ப எந்தக் கைல என்ன இருந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

“எனக்கும் தெரியாது. பாக்காமதான் மூடினேன். இப்ப இந்த நிலக்கடலையை யாரு தேர்ந்தெடுத்தா?”

டாக்டர் கையிலிருந்ததைப் பார்த்தார். பிறகு இன்னும் மூடியிருந்த கையைப் பார்த்தார். மரியாதையை மறந்து அந்தக் கையைத் தாமே விரித்தார். உள்ளே பொரிகடலை இருந்தது.

“அம்மாகிட்ட ரெண்டு எழுத்து” என்றார் மெதுவாக. “ஒண்ணு பிள்ளைக்குப் போச்சு. ஒண்ணு நின்னுடுச்சு.”

“ம்.”

“அப்பாகிட்டயும் ஒண்ணு நின்னுடுச்சு. நின்ன ரெண்டையும் சேத்தா...”

“சேத்தா?”

“ஒரு பிள்ளை! அதே அம்மா, அதே அப்பா, அதே சாஸ்தா.” டாக்டர் அந்தப் பொரிகடலையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். “பிறக்கல. அவ்வளவுதான்.”

“அந்தப் பிள்ளையைக் கூட்டிட்டு வாங்க. போனதையும் எண்ணுங்க, நின்னதையும் எண்ணுங்க. ‘ஜி’தான் நோயைக் கொண்டுவருதுன்னா, நோயாளிப் பிள்ளைங்ககிட்ட அது பாதிக்கு மேல போயிருக்கணும். சும்மா கூட வந்த எழுத்துன்னா பாதிக்குப் பாதி போயிருக்கும்.”

டாக்டர் உற்சாகமாகத் தாளைப் புரட்டினார். புரட்டப் புரட்ட உற்சாகம் வடிந்தது.

“அப்பாக்களோட எழுத்தே எங்கிட்ட இல்லையே. ஆஸ்பத்திரிக்கு அம்மாதானே பிள்ளையைத் தூக்கிட்டு வருவாங்க.”

“அதனாலதான் உங்க கணக்குல எல்லாமே அம்மாகிட்ட இருந்தே வருது.”

இன்னாசிமுத்துவுக்கு யாரோ கன்னத்தில் அறைந்தது போல இருந்தது.

“அப்பாக்கள்ல பாதிப் பேர் திருப்பூர்ல, மீதிப் பேர் பம்பாய்ல, சூரத்ல. எங்க போய்ப் பிடிக்கிறது?”

மதுரவல்லி படிவத்தில் அந்தக் குலசாமிக் கட்டத்தின்மேல் விரலை வைத்தார்.

“பங்குனி உத்திரம் என்னைக்கு வருது, டாக்டர்?”

*

பங்குனி உத்திரத்தன்று சாஸ்தாவைப் பார்க்காமல் இருப்பவனை அந்தப் பக்கத்தில் மனிதனாக மதிக்க மாட்டார்கள். எந்த ஊரில் இருந்தாலும் அன்று வந்துவிட வேண்டும். மஞ்சணத்தி சாஸ்தா கோயிலுக்கு வேன் வேனாக வந்தார்கள். மணலில் முந்நூறு அடுப்பு புகைந்தது.

டாக்டர் அனுமதிக் கடிதங்களையும், எச்சில் பிடிக்கும் சிறு குழாய்களையும் எடுத்துக்கொண்டு கோயில் முகப்பில் மேசை போட்டார்.

“என்ன எடுக்கப் போறிய?” என்றார் கோயில் பெரியவர்.

“எச்சில்.”

“சாமி சன்னதியிலயா? நல்லாருக்கே உம்ம டாக்டர் படிப்பு!”

மேசையைத் தூக்கிக்கொண்டு ஓடையைத் தாண்டிப் போனார்கள். அங்கேயும் தொல்லை தீரவில்லை. குழாயில் உமிழ்வதற்கு அரை மணி நேரம் முன்பு ஒன்றும் சாப்பிடக்கூடாது. சாஸ்தா கோயிலுக்கு வந்தவனைச் சர்க்கரைப் பொங்கலிலிருந்து அரை மணி நேரம் பிரித்துவைப்பதற்குள் டாக்டருக்கு உயிர் போய் உயிர் வந்தது. ஆனாலும் தகப்பன்மார் வந்தார்கள். பொழுது சாய்வதற்குள் நூற்று முப்பத்தொரு குடும்பங்கள் சேர்ந்துவிட்டன.

கோமதிநாயகமும் வந்தான். தாய்க்கு எதிரே நிமிர்ந்து நிற்காதவன். குழாயில் உமிழ்ந்து கொடுத்துவிட்டு, ஓடைக்கு அப்பால் பார்த்தபடி நின்றான். அங்கே ஒரு மருத மரத்தடியில் பேச்சித்தாய் மகளோடு தனியாக அடுப்பு மூட்டியிருந்தாள். புருஷன் வீட்டுச் சாமியைக் கும்பிட அவளை யாரும் கூப்பிடவில்லை. அவளாகத்தான் வந்திருந்தாள்.

டாக்டர் அவளிடம் போனார். என்ன சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

பேச்சித்தாய்க்குத் தெரிந்திருந்தது.

“எங்க மாமியா யாருன்னு நெனச்சிய, டாக்டரய்யா? எங்க அப்பாகூடப் பொறந்த அத்தை. நான் பொறந்த அதே வீட்டுலதான் அவியளும் பொறந்தாவ. அம்மா பக்கம், அப்பா பக்கம்னு பிரிச்சியளே, எந்த எடத்துல கத்திய வச்சிய?”

டாக்டர் தலைகுனிந்தார்.

அவள் தம்ளரில் தண்ணீர் மொண்டு மகளிடம் நீட்டினாள். முத்துசெல்வி முகத்தைத் திருப்பிக்கொண்டு, தன் பள்ளிக்கூட பாட்டிலைத் திறந்து குடித்தாள்.

“மூணு மாசமா இப்படித்தான். சோறு தானே போட்டுக்கிடுதா. தலைகூட பின்ன விடமாட்டா.”

“ஏன்?”

“அம்மாகிட்ட இருந்துதான் வந்துச்சுன்னு நீங்கதானே சொன்னிய? எங் கையால வாங்குனா இன்னும் வரும்னு நெனக்கா.”

பேச்சித்தாய் அடுப்பை ஊதினாள். கண் கலங்கியது புகையால் என்று வைத்துக்கொள்வதற்கு அடுப்பில் புகையே இல்லை.

*

சித்திரையில் ஆய்வகத்திலிருந்து முதல் கட்டு முடிவுகள் வந்தன. டாக்டர் இருபத்திரண்டு படியையும் முழங்காலை மறந்து ஏறினார்.

“டீச்சர்! பேச்சித்தாய்கிட்ட ‘ஏ’யும் இருக்கு, ‘ஜி’யும் இருக்கு. கோமதிநாயகத்துகிட்ட ரெண்டுமே ‘ஜி’. பிள்ளைகிட்ட ஒரு ‘ஏ’, ஒரு ‘ஜி’. அப்பாகிட்ட ‘ஏ’யே கிடையாது. அப்ப அந்த ‘ஏ’ அம்மா கொடுத்தது. ‘ஜி’ அப்பா கொடுத்தது! அம்மா தன்னோட ‘ஜி’யைத் தன்கிட்டயே வச்சுக்கிட்டா!”

“ம்.”

“இப்பவே போறேன். அந்த மாமியார் முகத்துக்கு நேரா சொல்றேன், உங்க மகன்கிட்ட இருந்துதான் வந்ததுன்னு.”

“போங்க. இந்தத் தடவை யாரை வீட்டை விட்டு அனுப்பப் போறீங்க?”

டாக்டர் நின்றுவிட்டார்.

“உட்காருங்க. எல்லாரையும் எண்ணணும்.”

ஆனியில் எல்லா முடிவுகளும் வந்து சேர்ந்தன. இருவரும் அமர்ந்து எண்ணினார்கள். இருநூற்று அறுபத்திரண்டு பெற்றோர்.

“ரெண்டும் ஒரே எழுத்தா இருக்கிறவங்களை அடிச்சிருங்க” என்றார் மதுரவல்லி.

“நூத்தி நாப்பத்துநாலு பேர் போயிருவாங்களே! ஒவ்வொருத்தரையும் பொங்கலை விட்டு இழுத்துட்டு வந்தேன், டீச்சர்.”

“கொடுக்க வேற இல்லாதவங்க கொடுத்ததுல என்ன சேதி இருக்கு?”

டாக்டர் ஒவ்வொரு பெயராக அடித்தார். கோமதிநாயகத்தின் பெயரும் போயிற்று. மிஞ்சியவர்கள் நூற்றுப் பதினெட்டுப் பேர். இரண்டு எழுத்தும் வைத்திருந்தவர்கள்.

ஒரு பக்கம் கொடுத்தது, ஒரு பக்கம் நின்றது. டாக்டர் கோடு போட்டுக்கொண்டே வந்தார். கடைசிக் கோட்டைப் போட்டதும் இரண்டு பக்கத்தையும் கூட்டினார்.

‘ஜி’யைக் கொடுத்தவர்கள் அறுபத்தொன்று. ‘ஜி’யை வைத்துக்கொண்டவர்கள் ஐம்பத்தேழு.

“நாலு வித்தியாசம்” என்றார் டாக்டர். அதில் இன்னும் ஆசை ஒட்டிக்கொண்டிருந்தது.

மதுரவல்லி ஒரு ரூபாய் நாணயத்தை அவர் முன்னால் வைத்தார்.

டாக்டர் சுண்டிப் போட ஆரம்பித்தார். நூற்றுப் பதினெட்டு முறை. தலை ஐம்பத்து மூன்று, பூ அறுபத்தைந்து. பன்னிரண்டு வித்தியாசம். இன்னொரு தடவை போடத் துணியாமல் நாணயத்தை அப்படியே திருப்பித் தந்தார்.

“மூணு வருஷ உழைப்பு” என்றார். “ஒண்ணும் இல்லை.”

“ஒண்ணும் இல்லைன்னு தெரிஞ்சுகிட்டது ஒண்ணும் இல்லையா?”

டாக்டர் வாசலுக்குப் போனார். மதுரவல்லி கூப்பிட்டு, கையிலிருந்த பொட்டலத்தை நீட்டினார்.

“வழியில தேவைப்படும்.”

பசிக்குத்தான் கொடுக்கிறார் என்று நினைத்து டாக்டர் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

*

முதலில் மாமியார் வீட்டுக்குப் போனார். கோமதிநாயகத்தையும் திருப்பூரிலிருந்து வரவழைத்திருந்தார்.

“நான் சொன்னது தப்பு. அந்த எழுத்துக்கும் அந்த நோய்க்கும் சம்பந்தம் இருக்கிறதா என் கணக்குல தெரியல. அது அம்மாகிட்டயும் இருக்கும், அப்பாகிட்டயும் இருக்கும், உங்ககிட்டயும் இருக்கும். அதை வச்சு யாரையும் குத்தம் சொல்ல முடியாது.”

மாமியார் திண்ணையை விட்டு இறங்கி வந்தாள்.

“அப்ப பிள்ளைக்கு யாருதான் கொடுத்தா?”

“தெரியாது.”

முப்பத்திரண்டு வருஷ வைத்தியத்தில் அந்தச் சொல்லை அவர் நோயாளி வீட்டாரிடம் சொன்னது அதுவே முதல் தடவை. சொல்லிவிட்டு, திட்டு வாங்கத் தயாராக நின்றார்.

மாமியார் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். “பெரிய டாக்டருக்கே தெரியலைன்னா, நான் எதை வச்சு அவளை அனுப்புனேன்?” என்று யாரிடமோ கேட்பது போலக் கேட்டாள். பிறகு மகனைப் பார்த்து, “ஆட்டோவைக் கூப்பிடுல” என்றாள்.

தான் பிறந்த வீட்டு வாசலில் மாமியார் இறங்கி நின்றபோது, கால் உள்ளே போகத் தயங்கியது.

“ஏட்டி, பேச்சி. வா வீட்டுக்கு.”

பேச்சித்தாய் முறத்தைக் கீழே வைத்தாள். அத்தையைப் பார்த்தாள். பின்னால் நின்ற புருஷனைப் பார்த்தாள்.

“வாரேன் அத்தை. அதுக்கு முன்ன டாக்டரய்யாகிட்ட ஒண்ணு கேக்கணும்.”

“கேளும்மா.”

“தப்புன்னு அத்தைகிட்ட சொல்லிட்டிய. அவியகிட்டயும் சொல்லியிருப்பிய. அன்னைக்கு உங்க ரூம்புல இன்னொரு ஆளும் இருந்தாளே. அவகிட்ட சொன்னியளா?”

முற்றத்து மூலையில் முத்துசெல்வி உட்கார்ந்திருந்தாள். மடியில் அவளுடைய தண்ணீர் பாட்டில்.

டாக்டர் அவள் எதிரே போய்த் தரையில் உட்கார்ந்தார். எழுத்து, பாதிக்குப் பாதி, நூற்றுப் பதினெட்டு என்று என்னென்னவோ நாக்கு வரைக்கும் வந்தது. பதினொரு வயதுப் பிள்ளைக்கு முன்னால் ஒன்றும் உதவவில்லை. பேனாவைத் தேடுவது போலக் கை சட்டைப் பைக்குப் போனது. பொட்டலம் தட்டுப்பட்டது.

கையைப் பின்னால் கொண்டுபோய், மூடி, இரண்டையும் முன்னால் நீட்டினார்.

“அம்மா கொடுக்கிறதும் இப்படித்தான். தொடு.”

முத்துசெல்வி சந்தேகமாகப் பார்த்தாள். இடதைத் தொட்டாள். நிலக்கடலை வந்தது.

டாக்டர் விளக்குவதற்கு வாயைத் திறந்தார். அதற்குள் அவள் அவருடைய வலது கை விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். உள்ளே பொரிகடலை.

“எந்தக் கைல எது இருந்துச்சுன்னு ஒங்களுக்குத் தெரியுமா?”

“தெரியாதும்மா. பாக்காமதான் மூடினேன்.”

இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்புறம் தலையைத் தூக்கி அம்மாவைப் பார்த்தாள்.

“நீயும் பாக்கலையா?”

“எங்கிட்டு பாக்க?” என்றாள் பேச்சித்தாய். “இருந்ததோட கைய நீட்டுனேன். நீ வந்த.”

முத்துசெல்வி பாட்டிலைத் தரையில் வைத்தாள்.

“தண்ணி தாம்மா.”